குதிகால் பக்கத்துப் பக்கிள்

அந்தத் தெருவில் அவளுக்கு டபுள் தையல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஒரு தையல் போதும் என்கிற இடத்தில் இரண்டு போடுவாள். இரண்டு போதும் என்று வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், சொன்ன குற்றத்துக்காகவே மூன்றாவதும் விழும். டயர்க் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு முன்னறைதான் அவள் கடை. உள்ளே கனத்த தையல் மெஷின் ஒன்று, மூலை மழுங்கிப்போன மரமேசை ஒன்று, சுவர் முழுக்க ஆணிகளில் நைலான் பட்டைச் சுருள்கள். லாரித் தார்ப்பாய், பெட்டிக் கைப்பிடி, அறுந்துபோன சீட் பெல்ட் என்று மற்ற தையல்காரர்கள் தொடமாட்டேன் என்று தள்ளிவிடுகிற சாமானெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அவள் வேலையில் குறை இருக்காது. குறை இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால்தான் வம்பு. ஒருமுறை பக்கத்துத் தெரு வாத்தியார் தோள்பையோடு வந்து, வார் கொஞ்சம் குட்டையாகிவிட்டது போல இருக்கிறதே என்று இழுத்தார். அவள் எழுந்து வந்து, பையை அவர் தோளிலேயே மாட்டி, முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

"வார் சரியாத்தான் இருக்கு சார். உங்க தோள்தான் ஏறியிருக்கு. நிமிர்ந்து நடங்க, சரியாயிடும்."

வாத்தியார் அன்றிலிருந்து நாலு வருஷமாக அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய்வருகிறார். டயர்க் கடைக்காரர் புதிதாக வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவைப்பார்: "தைக்கக் குடுங்க, தாராளமா குடுங்க. திருப்பி எடுத்துட்டு மட்டும் வந்துடாதீங்க."

இந்தக் கோபம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. பதினைந்து வயதில் கூடாரம் தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே சூப்பர்வைசர் ஒருவர், தையல் கோணலாக இருந்தால் துணியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, நாற்பது பேர் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். அவள் துணி மூன்று தடவை அப்படி மேலே போனது. நாலாவது தடவை போகவில்லை. அதற்கப்புறம் யாரும் தன் தையலில் கை வைத்துப் பேசக் கூடாது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகியும் சாக்பீஸ் மட்டும் அவள் மனசை விட்டுப் போகவில்லை.

கட்டியவன் வெளியூர் வேலைக்கென்று போனவன் போனவன்தான். அவள் தேடவும் இல்லை, ஊரைக் கூட்டி அழவும் இல்லை. அவன் விட்டுப்போன சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி மெஷின் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டாள். உறவென்று மிஞ்சியது அவளைவிட எட்டு வயது இளைய தம்பி. கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அவள், அடுத்ததில் தம்பி, அவன் மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை. அடுப்பு இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றுதான். அந்த மூன்று பேரைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் கிடையாது, வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை.

தம்பி மரம் ஏறுகிறவன். மின்கம்பிமேல் சாய்கிற கிளைகளை வெட்டுகிற குழுவில் வேலை. உச்சிக் கிளையில் கயிறு போட்டு, இடுப்பு பெல்ட்டை அதில் மாட்டி, கயிறு வழியாகவே ஏற வேண்டும். அதற்காக வலது பூட்ஸின் வெளியே, இடது காலைப் பார்த்த பக்கத்தில், உள்ளங்கை அளவு இரும்புச் சாமான் ஒன்றை வார்களால் கட்டிக்கொள்வார்கள். குழுவில் அதைக் கவ்வி என்பார்கள். காலைத் தூக்கினால் கயிறு அதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். காலை அழுத்தினால் உள்ளே இருக்கிற பல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும், அதன்மேல் ஏறி நிற்கலாம். உயிரைத் தாங்குவது இடுப்பு பெல்ட்தான். கவ்வி உடம்பு நோகாமல் மேலே ஏற்றிவிடுவதோடு சரி. ஏறுவதற்கு மட்டும்தான் அது. இறங்கப் பார்த்தால் விடாது, பிடித்துக்கொள்ளும். அதனால் இறங்குவதற்கு முன்னால் காலை ஓர் உதறு உதறுவார்கள். கவ்வியின் திறந்த வாய் வழியாகக் கயிறு வெளியே வந்துவிடும். அப்புறம் சர்ரென்று கீழே வந்துவிடலாம்.

எல்லோருக்கும் ஒத்துப்போன கவ்வி தம்பியின் காலோடு மட்டும் மல்லுக்கட்டியது. சின்ன வயதில் மதில்மேலிருந்து விழுந்து முறிந்த வலது பாதம், கூடும்போது குட்டையாகவும் மேலே மேடாகவும் கூடிவிட்டது. வாரைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்தாலும் உள்ளங்கால் பக்கம் தொளதொளவென்று தொங்கும். மேல்பக்கமோ தோலை வெட்டும். நாலு எட்டு ஏறுவதற்குள் கவ்வி முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். திரும்பினால் கயிறு சாய்வாக உட்காரும், சாய்ந்த கயிறு வாயிலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும். ஊன்றி நிற்கப் போகிற நேரத்தில் காலுக்கடியில் ஒன்றுமே இருக்காது. ஒருநாள் அப்படி வழுக்கி, தாடை மரத்தில் மோதிக் கிழிந்துபோய், ஐந்து தையலோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"என்னடா மூஞ்சி இது?"

"மரம் ஆசையா ஒரு முத்தம் குடுத்துச்சுக்கா."

"வாயைப் பாரு. யாரு தைச்சா? இவ்ளோ இடைவெளி விட்டிருக்காங்க."

"டாக்டர்தான் தைச்சாரு. அவர்கிட்டயும் போய் சண்டை போட்டுடாத."

அவள் அவனைப் பூட்ஸோடு மேசைமேல் ஏறி நிற்கச் சொன்னாள். கவ்வியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள், வாரை இழுத்தாள், விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். இதைச் செய்தவன் மனிதக் காலையே பார்த்திருக்கமாட்டான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மறுநாள் சாயங்காலத்துக்குள் புது வார் போட்டுக் கொடுத்தாள். உள்ளங்கால் வாரைக் குறுக்கினாள். கவ்வி திரும்பாமல் இருக்கக் குதிகாலைச் சுற்றிக் கூடுதலாக ஒரு வார் வைத்தாள். கயிறு துள்ளி வெளியே வராமல் இருக்க, கவ்வியின் வாயைக் குறுக்கே மூடுகிற மாதிரி இரண்டு மடிப்புப் பட்டையில் ஒரு மூடியும் வைத்தாள். அந்த மூடியை இழுத்துப் பூட்ட ஒரு பக்கிள் வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் மரப்பட்டையில் உரசிப் பிய்ந்துவிடும் என்று, யோசித்து, அதைக் குதிகாலுக்குப் பின்னால் மறைவாக வைத்தாள். எல்லாவற்றுக்கும் டபுள் தையல்.

பரீட்சை மாடிப்படிச் சந்தில் நடந்தது. மேல் கம்பியில் கயிறு கட்டி அவன் ஏறினான். பத்து எட்டு, பதினைந்து எட்டு, ஒன்றுகூட வழுக்கவில்லை. மாடி வரைக்கும் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டி வராந்தாவில் இறங்கி உட்கார்ந்து, ராஜா மாதிரி காலை நீட்டினான். அவள் குனிந்து பக்கிளைக் கழற்றி, கயிற்றை வெளியே எடுத்துவிட்டாள். குழந்தை கைதட்டியது. தம்பி மனைவி கதவோரத்தில் நின்று சிரித்தாள். ஏறுவதை மூன்று பேரும் பார்த்தார்கள். கயிற்றிலேயே தொங்கிக்கொண்டு அதை எப்படிக் கழற்றுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே குழுவில் ஐந்து பேர் பூட்ஸோடு வந்துவிட்டார்கள். மழையிலும் சேற்றிலும் எல்லோருக்கும் கயிறு துள்ளத்தான் செய்தது. ஐவரில் ஒருவன் தம்பி மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், அதாவது தம்பிக்கு மைத்துனன். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி செய்துகொடுத்தாள். உச்சிக்குப் போனதும் ஏதாவது கிளையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடிமேல் போட்டு, நிதானமாகப் பக்கிளைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்கள். அவசரம் என்று ஒன்று அவர்களுக்கு அதுவரை வரவில்லை. குழுவின் மேஸ்திரி நேரில் வந்து, "கம்பெனிக்காரன் உங்ககிட்ட வந்து படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை என்று டயர்க் கடைக்காரர் அதிசயப்பட்டார்.

இதற்கு நடுவில் ஒருநாள் காலையில் தம்பி கடைக்கு வந்தான். கையில் பூட்ஸ் போட்ட பை. அவள் அப்போது குடைக்காரன் ஒருவனை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். தைத்துக் கொடுத்த குடையுறை இறுக்கமாக இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டான், பாவம். குடை ஊதிப்போயிருக்கிறதா உறை சுருங்கியிருக்கிறதா என்று ஆரம்பித்தவள் அவன் அப்பா காலத்துக் குடை வரைக்கும் போனாள். தம்பி முக்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான், சிரித்தான், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"என்னடா, எதுக்கு வந்த?" என்றாள் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு.

"சும்மாதான்க்கா. நீ உன் கச்சேரியப் பாரு."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளும் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அது நடந்து ஒன்பதாம் நாள் அவன் செத்துப்போனான்.

பகல் பதினோரு மணி. பெரிய மரம், பாதி உயரம் வரைக்கும் கிளையே இல்லாத வழுவழுப்பான தண்டு. தம்பி கயிற்றில் பாதி தூரம் போயிருக்கிறான். தண்டின் பொந்துக்குள் தேனீக் கூடு இருந்தது கீழே இருந்த யாருக்கும் தெரியாது. அவன் முழங்கால் பொந்தில் இடித்ததும் மொத்தக் கூடும் வெளியே வந்தது. இறங்கு, இறங்கு என்று மேஸ்திரி கத்தினார். அவன் ஒரு முழம் இறங்கினான், அப்படியே நின்றுவிட்டான். கீழே இருந்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு லாரிக்கு ஓடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவன் கயிற்றில் குந்தி உட்கார்ந்தமாதிரி, வலது முழங்கால் நெஞ்சில் இடிக்க, குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான். முகத்தை மறைக்கிறான் என்று நினைத்தார்கள். தீயணைப்பு வண்டி ஏணியோடும் புகையோடும் வந்துசேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

தேனீ கொட்டியதால் மரணம் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்று, அவளிடமும் இல்லாமல் யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து செகண்டு வேலைம்மா இறங்கறது. அவன மாதிரி சறுக்கி இறங்கறவன் எங்ககிட்ட கிடையாது. ஏன் நின்னான்னுதான் எனக்கு இன்னும் புரியல."

அவனுடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி மனைவி அதைத் தொடவில்லை. இவள்தான் வாங்கி வந்து கடை மேசைக்கடியில் வைத்தாள். நாலாம் நாள், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினைத் துடைக்கலாம் என்று வந்தவள் அந்தப் பையைப் பிரித்தாள்.

கவ்வி வலது பூட்ஸிலேயே இருந்தது. வார்களை ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். பக்கிள் மட்டும் பூட்டியது பூட்டியபடி குதிகாலில் இருந்தது. வாய்மூடிப் பட்டையைப் பார்த்தாள். அதில் கத்தரி வெட்டு இல்லை. ரம்பப் பல் பட்டுப் பட்டு நார் நாராகப் பிய்ந்திருந்தது. மேல் மடிப்பு முழுசும் அறுந்திருந்தது. கீழ் மடிப்பில் பாதி வரைக்கும் போய் நின்றிருந்தது. விரல் அகலத்தில் பாதி மிச்சம். அவள் போட்ட இரண்டு தையலும் ஒரு கண்ணிகூட விடவில்லை.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலை உதறியிருக்கிறான், மூடி விடவில்லை. இறங்கப் பார்த்திருக்கிறான், கவ்வி பிடித்துக்கொண்டு முழங்காலை நெஞ்சோடு மடக்கியிருக்கிறது. குதிகால் தொடைக்கடியில் சிக்கிக்கொண்டதில் பக்கிளுக்குக் கை எட்டவில்லை. இடுப்பிலிருந்த கைரம்பத்தை எடுத்து, கண்ணெல்லாம் வீங்கிப்போய், தடவித் தடவி அறுத்திருக்கிறான். ஒற்றைத் தையலாக, ஒற்றை மடிப்பாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அவள் அந்தப் பட்டையை மேசைமேல் வைத்தாள். அது வளைந்தே கிடந்தது. அழுகை வரவில்லை. நான்தான் கொன்றேன் என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். இது தெரிந்தால் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். போகத்தான் வேண்டும், எந்த மனைவி இருப்பாள்? ஆகவே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். முடிவு செய்து பையைக் கட்டும்போதுதான் மற்ற ஐந்து வாரும் ஞாபகத்துக்கு வந்தன. குழு திங்கள்கிழமை மறுபடியும் வேலைக்குப் போகிறது.

மைத்துனன் துக்கத்துக்கு வந்து தங்கை அறையிலேயே தங்கியிருந்தான். அவன் பூட்ஸ் மாடி வராந்தாவில், அவள் கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. திங்கள்கிழமை விடிந்ததும் அதைத் தாண்டிக்கொண்டு குழுவின் தகரக் கொட்டகைக்குப் போனாள். வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு இடுப்பு பெல்ட், ஒரு ஹெல்மெட். ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் பிரிக்கிற ஊசியையும் பிளேடையும் வைத்துக்கொண்டு, கவ்விக்கு மூடி வைத்த பூட்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள்.

"எதுக்குக்கா? நல்லாத்தானே இருக்கு" என்றான் ஒருவன்.

"நூல் சரியில்ல."

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க நூலா?"

"ஆமா. என் நூல்தான். கெட்டுப்போன நூல். தெரியாம வாங்கிட்டேன்."

நாற்பது பேர் முன்னால் சாக்பீஸ் குறி வாங்கியவள் அதை இப்போது தானே போட்டுக்கொண்டாள். நாலு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடியையும் குதிகால் வாரையும் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். அவள் தையலைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. நாலும் முடிய இரண்டு மணி நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. மைத்துனனின் பூட்ஸ் அப்படியே கிடந்தது. கேட்காமலே பிரித்துவிடலாம் என்று தோன்றியது. பூட்ஸைக் கையில் எடுத்து ஊசியைச் செருகும்போது அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்னக்கா பண்றீங்க?"

"நூல் சரியில்லப்பா. பிரிச்சிட்டுத் தரேன்."

அவன் சிரித்தேவிட்டான். ஒரு வாரத்துக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"உங்க நூல்ல லாரியக் கட்டி இழுக்கலாம். எதுக்குக்கா சிரமம். நாளைக்கு அந்த மரத்த முடிச்சாகணும், நான்தான் ஏறணும். இது இல்லாம என்னால முடியாது." பூட்ஸை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். "அதோட, இத முதல்ல எனக்கு மாட்டிவிட்டது மாப்பிள்ளைதான். அவர் ஞாபகமா இருக்கட்டும்."

"குடுப்பா."

"விடுங்கக்கா. நீங்க மனசு சரியில்லாம இருக்கீங்க."

உள்ளே தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. இவள் வராந்தாவிலேயே நின்று, மைத்துனனைப் பார்க்காமல் அந்த அறையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நூல் நல்ல நூல்தான். அதுதான் அவன இறங்கவிடல."

துணி மடிக்கிற கை நின்றது.

"மூடி போட்டதால கால உதறினா கயிறு வெளிய வராது. பக்கிள பின்னாடி வெச்சுட்டேன், தொங்கிட்டிருக்கும்போது எட்டாது. ரம்பத்தால அறுக்கப் பார்த்திருக்கான். பாதிதான் அறுந்திருக்கு. பை கீழ இருக்கு, வேணும்னா பாரு. தேனீ கொட்டினதென்னமோ உண்மைதான். அங்கேயே அவனக் கட்டிப்போட்டது நான்தான்."

மைத்துனன் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, குதிகாலுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனான். சுவரில் சாய்ந்துகொண்டும் அவன் விரல் தொடைக்கடியில் நுழையவில்லை. அவன் பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

தம்பி மனைவி திட்டுவாள், அறைவாள், குழந்தையைத் தூக்குவாள் என்று இவள் ஒவ்வொன்றுக்கும் தயாராக நின்றாள்.

"எட்டலன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"ஒருநாள் மேல உக்கார இடமில்லாம தொங்கிட்டே கழட்ட வேண்டியிருந்துச்சாம். கால் மணி நேரம் ஆச்சாம். வந்து சொன்னாரு. நான்தான் மறுநாள் காலைல, அக்காகிட்ட குடுத்து பக்கிள முன்னாடி மாத்திட்டு வாங்கன்னு பைல போட்டுக் குடுத்து அனுப்பினேன்." மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து மடித்தாள். "திரும்பிக் கொண்டுவந்துட்டாரு. யாரோ குடைக்காரன நீங்க பிடிபிடின்னு பிடிச்சிட்டிருந்தீங்களாம். அக்கா ஆசையா செஞ்சது, இப்ப போய்க் குறை சொன்னா மனசு விட்டுப்போயிடும், நல்ல மூட்ல இருக்கும்போது சொல்லிக்கறேன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

இவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். குடைக்காரனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. குடையுறை உண்மையிலேயே இறுக்கமாகத்தான் இருந்தது. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். முக்காலி, டம்ளர், பை, சும்மாதான்க்கா. அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை அழுதாள். தம்பி மனைவி எழுந்து வந்து தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து எதிரே உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்து, வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இவள் பிரித்தாள். கண்ணீரில் கண்ணி தெரியாமல் இரண்டு தடவை விரலைக் குத்திக்கொண்டாள்.

தம்பி மனைவி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அடுப்பு இப்போதும் ஒன்றுதான். குழந்தை அத்தை அத்தை என்று கடைக்கு இறங்கி வந்து பட்டைத் துண்டுகளைப் பொறுக்குகிறது. ஆனால் அந்த இரண்டு பெண்களும் உப்பு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. குழுவில் ஏறுகிறவர்கள் பழையபடி கயிறு துள்ளி, முழங்காலை இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். உதறினால் வந்துவிடுகிறது.

கடையில் அவள் சத்தம் போட்டு மாதக்கணக்காகிறது. யார் எதை வாங்க வந்தாலும் கையில் கொடுத்துவிட்டு அனுப்பமாட்டாள். மாட்டிப் பார்க்கச் சொல்வாள், கழற்றிப் பார்க்கச் சொல்வாள், ஒரு கையாலேயே கழற்ற முடிகிறதா பாருங்கள் என்பாள். எங்கே உறுத்துகிறது, எங்கே இழுக்கிறது என்று மறுபடி மறுபடி கேட்பாள். வருகிறவர்களுக்கு அது பழைய கோபத்தின் புது வேஷம் மாதிரி தெரிகிறது. அவசரமாகத் தலையாட்டிவிட்டு நழுவப் பார்க்கிறார்கள்.

போன வாரம் வாத்தியார் கடை வழியாகப் போனார். அவள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம். அந்தப் பை வார் குட்டையா இருக்குன்னு சொன்னீங்களே."

வாத்தியார் திடுக்கிட்டு, கக்கத்திலிருந்த பையைச் சட்டென்று தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நானா? இல்லியேம்மா."

"குட்டையாத்தான் சார் இருக்கு. என் தப்புதான். குடுங்க, பத்து நிமிஷத்துல மாத்தித் தரேன். எங்க இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"சேச்சே, ஒரு குறையும் இல்லம்மா. ரொம்ப நல்லா இருக்கு."

"சார், தயவுசெஞ்சு சொல்லுங்க."

"நிஜமாத்தாம்மா. அருமையா இருக்கு" என்று சொல்லி, தோளை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, அவர் வேகமாக நடந்தார்.